ஜூலி ஏறிய ஆகாயக் கப்பல்

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவள் முகமல்ல, இரண்டு பாதங்கள். ரப்பர் ஷீட் அடைத்து அனுப்பும் பலகைப் பெட்டி ஒன்றுக்குள் உடம்பைச் சுருட்டி நுழைத்துக்கொண்டு, பாதங்களை மட்டும் வெளியே நீட்டியபடி அத்தை படுத்திருந்தாள். பெட்டிக்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமா, அதாவது அத்தையின் புருஷன், மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குச்சியால் படபடவென்று தட்டிக்கொண்டு வாயால் உறுமிக்கொண்டிருந்தார். மாமாதான் ஆகாயக் கப்பல். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஜப்பான்காரன் காலத்தில் அந்த வயிற்றுக்குச் சிரிப்பு ஒன்றுதான் தாராளமாகக் கிடைத்தது.

போன மாதம் என் மகள் கடல் தாண்டி பெர்த்துக்குக் குடிபோனாள். போகும்போது தன் நாயையும் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட்டாயிற்றா, கூண்டு போதுமா, வழியில் தண்ணீர் யார் கொடுப்பார்கள் என்று வீடு கல்யாண வீடு மாதிரி அமர்க்களப்பட்டது. “ஒரு நாய்க்கா இந்தப் பாடு?” என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதுபடவே கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாய் விமானம் ஏறுவது எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் புதிதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன புரிந்திருக்கும். அவளுக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில் செமிலிங் பக்கம் இருந்தது. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. துரையின் பங்களாவில் பெருக்கித் துடைத்துத் துணி வெளுப்பது அவள் வேலை. பிள்ளை இல்லாதவள். அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். அப்படி ஒரு வாய். ஆனால் பங்களாவில் துரைசானி வளர்த்த ஜூலி என்கிற பெட்டை நாயிடம் மட்டும் அந்த வாய் வேறு வாயாகிவிடும். பழுப்பும் வெள்ளையுமான உடம்பு, தோள்வரை தொங்கும் நீளக் காது, எதற்கெடுத்தாலும் ஈரமாகிவிடும் கண்கள். துரைசானிக்கு அது மடியில் வைத்துக்கொள்ளும் நாய். குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, சோறு பிசைந்து வைப்பது எல்லாம் அத்தை. என்னை ஒருநாளும் அத்தை ‘கண்ணு’ என்று கூப்பிட்டதில்லை. ஜூலிதான் கண்ணு. எனக்கு வயிறு எரியும்.

சுங்கைப்பட்டாணி விமானத் திடலில் ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்தபோது எங்கள் லயத்துச் சுவரெல்லாம் அதிர்ந்தது. துரை குடும்பம் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு தெற்கே கிளம்பியது. ஜூலி காரின் பின்னாலேயே தோட்டத்து வாசல்வரை ஓடிவிட்டு, மூச்சிரைக்க நேராக அத்தை வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. அதற்கப்புறம் எந்த எஞ்சின் சத்தம் கேட்டாலும் அதன் உடம்பெல்லாம் நடுங்கும்.

ஆளில்லாத பங்களாவைச் சனங்கள் சும்மா விடவில்லை. நாற்காலி, திரைச்சீலை, பீங்கான் என்று ஆளுக்கொன்றாய்த் தூக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது கைப்பிடியைச் சுற்றினால் கம்பிகள் கிறுகிறுவென்று சுழலும் ஒரு சாமான். முட்டை அடிக்கிற கருவி என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. அம்மா அதை நூல் சுற்ற வைத்திருந்தாள்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்து, விமானத் திடலுக்குப் பொறுப்பான ஆபீசர் ஒருவன் பங்களாவில் குடியேறினான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை நிற்கவைத்துப் பேர் வாசிக்கிற இடத்தில், உத்தரவைச் சொன்னார். துரை வீட்டுச் சாமான் எல்லாம் திரும்பி வந்தாகவேண்டும், ஒளித்து வைத்தவன் தலை இருக்காது. பாதிப் பேர் ஆற்றில் வீசினார்கள். மீதிப் பேர் பங்களா வாசலில் வரிசையில் நின்றார்கள். நாற்காலி தூக்கியவனுக்கும் திரைச்சீலை மடித்து வைத்திருந்தவளுக்கும் நடுவில், கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள்.

நாயை யார் கேட்டார்கள் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு கணக்கு உண்டு. ரப்பர்ப் பால் வாளியிலும் ஏணியிலும் மண்வெட்டியிலும் தோட்டத்து முத்திரை குத்தியிருக்கும். முத்திரை குத்தினதை வீட்டில் வைத்திருந்தால் திருட்டு. ஜூலியின் கழுத்துப்பட்டையில் தொங்கிய தகட்டிலும் அதே முத்திரை இருந்தது. அவ்வளவுதான். அழுது வீங்கின முகத்தோடு வாளியை ஒப்படைப்பது மாதிரி நாயை ஒப்படைத்தாள். ஆபீசர் நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்புறம் குனிந்து சிரிசிரி என்று சிரித்தான். அவன் சிரித்துத் தோட்டம் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூலிக்கு அவன் மீனும் சோறும் வைத்தான். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளே ஆள் அனுப்பி அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டான். பழைய வேலை, பழைய நாய். அத்தைக்கு முகத்தில் களை வந்துவிட்டது. அந்த ஆபீசரைப் பற்றி நான் நல்லபடியாகவும் சொல்லமுடியவில்லை. பெரட்டில் சரியாகக் குனியவில்லை என்று எங்கள் கிராணியைக் கன்னம் சிவக்க அறைந்தவன் அவன்தான். அன்று சாயங்காலமே பங்களாப் படியில் உட்கார்ந்து, ஜூலியின் காதைச் சீப்பால் அத்தனை பொறுமையாகச் சீவிக்கொண்டிருந்தானாம். இரண்டும் ஒரே கைதான் என்று அத்தை சொல்வாள்.

சில மாதங்களில் அவனுக்கு மேடானுக்கு மாற்றலாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில். நாயும் தன்னோடு ஆகாயக் கப்பலில் வரும் என்று கிராணி மூலம் சொன்னான். ஒரு நிபந்தனை. பெட்டிக்குள் சத்தம் போடாமல் கிடக்கவேண்டும். ஊளையிட்டால் கூட்டிப்போக மாட்டான். பழக்கிக் கொண்டுவருவது அத்தை பொறுப்பு.

மாமாவுக்கு இது லட்டு மாதிரி இருந்தது. அவருக்கும் அந்த நாய்மேல் உயிர், வெளியே சொல்லமாட்டார். “அப்போ ஒன்னும் செய்யாத. அது பாட்டுக்கு ஊளையிடட்டும். நம்ம வீட்டுலயே கெடக்கும்” என்றார்.

வீட்டில் அரிசி என்பது பார்க்கிற பொருளாகிவிட்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கு, அதன் இலை, மறுபடியும் கிழங்கு. லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்கிற பயம். மறுநாள் அத்தை ஆசாரியிடம் போய் ரப்பர் பெட்டி ஒன்றில் காற்றுக்கு ஓட்டை போட்டு வாங்கிவந்தாள். மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“இங்க இருந்தா என்கூட இருக்கும். எத்தன நாளைக்கு? அங்க போனா சோறு திங்கும்” என்றாள் அத்தை. “தகரத்த எடுங்க.”

அப்படித்தான் மாமா ஆகாயக் கப்பல் ஆனார். ஜூலி பெட்டியைக் கண்டாலே பின்வாங்கும். ஆகவே அத்தை முதலில் தானே உள்ளே போய்ப் படுத்துக் காட்டினாள். உள்ளேயிருந்து ‘வா கண்ணு, வா கண்ணு’ என்று கூப்பிடுவாள். மெல்ல மூக்கு போயிற்று, முன்னங்கால் போயிற்று, ஒருநாள் முழு நாயும் போய் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. தகரச் சத்தம் பழகியதும், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஆபீசரின் ஆட்கள் ஓட்டிக்கொண்டிருந்த நெல் ஆலை எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, அது நடுங்க நடுங்க ஓட்டை வழியாக விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளாக ஆக நடுக்கம் குறைந்தது. கடைசியில் எஞ்சின் உறுமும்போதே ஜூலி குறட்டை விட்டது. லயமே கைதட்டியது. அத்தை மட்டும் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆலைத் தவிடு கண்ணில் விழுந்துவிட்டது என்றாள்.

விமானத் திடலுக்கு நான் போகவில்லை. அத்தை மட்டும் லாரியில் போனாள். துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்ட காலம் அது. அவள் உடுத்தியிருந்த பழஞ்சேலையில் ஒரு பாதியைக் கிழித்துப் பெட்டிக்குள் விரித்துவிட்டு, மீதியைச் சுற்றிக்கொண்டு நடந்தே திரும்பிவந்தாள். அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். எங்கள் எல்லாரையும் விலக்கிவிட்டு அத்தை வாசலில் உட்கார்ந்தாள்.

“ஒரு சத்தம் போடல” என்றாள். “அப்படிப் பழக்கி வச்சிருக்கேன் பாரு. ஒரே ஒரு தடவ ஊளையிட்டிருந்தா, பெட்டியோட தூக்கிட்டு வந்திருப்பேன்.”

அவள் வாழ்நாளில் அந்த நாளைப் பற்றிப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கப்பலின் நிறம் மாறும், காற்றின் வேகம் மாறும். அந்த வாக்கியம் மட்டும் மாறாது.

சண்டை முடிந்து துரை திரும்பிவந்தபோது எனக்குப் பதினாலு வயது. நானும் பெரட்டில் வரிசையில் நின்றேன். துரை ஜப்பான்காரனின் சிறையில் கிடந்து எலும்பும் தோலுமாய் வந்திருந்தார், பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. தோட்டத்துத் துரைமார் பேசுகிற மரியாதையில்லாத தமிழ் அவருக்கு மறக்கவில்லை. வரிசையில் அத்தையைப் பார்த்ததும் நின்று, ஜூலி எங்கே என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு, “சமைச்சுத் தின்னாச்சா?” என்றார்.

சிறையில் அவர் என்னென்ன பார்த்தாரோ, பசியில் யார் எதைத் தின்றதைப் பார்த்தாரோ. இன்று அப்படி யோசிக்க முடிகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் தட்டில் இருந்த கிழங்கைப் பாதி பிட்டு அந்த நாய்க்குக் கொடுத்தவள் அவள். சுற்றி நின்றவர்கள் துரை சிரிக்கிறாரே என்று தாங்களும் இளித்தார்கள். அத்தை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

“தொர, உங்க கார்ல அதுக்கு எடமில்ல. ஜப்பான்காரனோட ஆகாயக் கப்பல்ல இருந்துச்சு. ஏறிப் போயிருச்சு.”

துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்துபோனார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்ததெல்லாம் கிராணிக்குத்தான். அத்தையைப் பங்களா வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டுக்கு அனுப்பினார். வெயிலில் கறுத்துப்போனாளே தவிர அத்தை அதற்காக வருத்தப்பட்டதில்லை. அவளை அரித்தது வேறு. துரை கேட்ட அன்றைக்குத்தான் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஏறினதை நான் பார்த்தேன், இறங்கினதை யார் பார்த்தார்கள் என்று என்னிடம் கேட்டாள். சண்டைக் காலத்தில் எத்தனை கப்பல் கடலில் விழுந்தது. போன இடத்தில் அவனுக்கு என்ன ஆயிற்று, அவனே பட்டினி கிடந்தானோ என்னவோ. சோறு கிடைக்கும் என்று நம்பித்தானே அனுப்பினாள்.

என் மகள் பெர்த்தில் இறங்கிய உடனே எனக்குப் போன் செய்தாள். “வந்து சேர்ந்தாச்சும்மா, ஒன்னும் கவலப்படாதிங்க லா” என்று சொல்லி, நாய் குரைப்பதையும் என் காதில் கேட்கவைத்தாள். ஏறிய அன்றைக்கே இறங்கின செய்தி. அத்தைக்கு அந்தச் செய்தி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுக்கு ஆள் குறைந்து, இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய காலம். யார் புதிதாக வந்தாலும் அத்தை போய் ஊரைக் கேட்பாள். ஜாவா என்றால் திரும்பிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, மேடான் என்று சொன்ன ஓர் இளைஞன் அகப்பட்டான். அத்தை தனக்குத் தெரிந்த மலாயில், கைகளைக் காதுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக் காட்டி, பழுப்பு, வெள்ளை, பெட்டை, ஜப்பான் காலத்தில் வந்தது, பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். அவன் அப்போது பிறந்தேயிருக்கமாட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது, குறுக்கே பேசப் போனேன். அவன் என்னைப் பார்க்காமல் அத்தையின் முகத்தையே பார்த்தான். பிறகு, நிறைய உண்டு பாட்டி, எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அப்படிக் காது நீண்ட நாய்கள்தான் என்று மலாயில் சொன்னான்.

அத்தை அவனை விடவில்லை. உட்காரவைத்துப் பால் கெட்டியாக விட்டுக் காப்பி கலக்கிக் கொடுத்தாள், ரொட்டி வைத்தாள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவனும் சலிக்காமல் சொன்னான். அவன் போனபிறகு வாசலிலேயே நின்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டியாடி? தெருவுக்குத் தெருவாம். எறங்கி, சோறு தின்னு, குட்டியும் போட்டிருக்கா” என்றாள். “நான் பாட்டியாயிட்டேன்.”

அதன்பிறகு அத்தை யாரிடமும் மேடானைப் பற்றி விசாரிக்கவில்லை.