கீழப்பத்தில் முதல் வண்டி

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. அதுதான் சிக்கலே. வராமல் இருந்திருந்தால் பழியை ஓட்டுநர் தலையில் போட்டுவிட்டு, நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன்.

முக்கூடலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரமாக அந்த நெல் அறுவடை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் செயலியில் பதிவாகி, எங்கள் செயலி காட்டிய பாதையில் வந்து சேர்ந்த முதல் வண்டி. நான் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் வண்டி வந்துவிட்டது' என்ற செய்தி வயல்கார அக்காவின் கைபேசியில் டிங்கென்று விழுந்தபோது, அங்கேயே நின்று கைதட்டலாமா என்றிருந்தது.

ஓட்டுநர் சேலம் பக்கத்துக்காரர். இறங்கி வந்து வயலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த வயலுங்க?"

"அந்தா, வரப்புல ஒரு அக்கா நிக்காவல்லா, அவுக வயலு."

"சரிங்க. எப்படிங்க உள்ள போறது?"

கைபேசியைப் பார்த்தேன். நீலக் கோடு ரோடு வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கிருந்து அக்கா வயலுக்குப் புள்ளி புள்ளியாக ஒரு நேர்கோடு. அந்தப் புள்ளிகள் போகிற இடத்தில் வேறொருவரின் நெல் இடுப்பளவு நின்றது.

நானும் என் கூட்டாளியும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் இந்த ஊர்க்காரன், வரப்பில் ஓடி வளர்ந்தவன். நான் பாளையங்கோட்டை. எங்கள் வீட்டில் வயல் என்பது தாத்தா காலத்துப் பேச்சு. நான் கம்பெனி வேலையை விட்டு வந்து செயலி செய்யப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா, எனக்குக் கேட்கிற மாதிரி, அம்மாவிடம் சொன்னார்: "இருந்த வயல வித்துட்டு நாம ஆபீசுக்குப் போனோம். இவ ஆபீச விட்டுட்டு ஊரான் வயலுக்கு வண்டி அனுப்பப் போறாளாம். கோட்டி புடிச்சிருக்கு."

எங்கள் யோசனை எளிமையானது. அறுப்புக் காலத்தில் ஊர் முழுக்க நெல் ஒரே நேரத்தில் பழுக்கிறது. வண்டிகளோ கொஞ்சம். எந்த வண்டி என்றைக்கு யார் வயலுக்கு என்பதை ஊரில் ஒரு தரகர் அண்ணாச்சி முடிவு செய்கிறார். அவர் "நாளைக்கு" என்றால் அது எந்த நாளையாகவும் இருக்கலாம். ஆட்டோவும் சாப்பாடும் கைபேசியில் வருகிறபோது அறுப்பு வண்டி வரக்கூடாதா? விவசாயி வரைபடத்தில் தன் வயலைத் தொட்டால் போதும். பக்கத்துப் பக்கத்துப் பதிவுகளைச் சேர்த்து, டீசல் குறைவாகச் செலவாகிற வரிசையைச் செயலி போட்டுக் கொடுத்துவிடும். அந்தக் கணக்கை எழுதியது நான். எழுதி முடித்துச் சோதனை ஓட்டிய மத்தியானம், வண்டிக்கான பச்சைப் பொட்டு வயலுக்கு வயல் குதித்துப் போவதைப் பார்த்து நானும் கூடவே குதித்தேன்.

ஒரு வண்டி முதலாளியைப் பிடித்தோம். "இந்தக் கார் அறுப்புல ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க, பிசானத்துக்குப் பேசுவோம்" என்று ஒரே ஒரு வண்டியைக் கொடுத்தார். கார் இங்கே முதல் போகம், பிசானம் அதற்கு அடுத்த போகம். முதலில் பதிந்தவர் இந்த அக்கா. குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். கணவர் டவுனில் கடை வேலைக்குப் போகிறார், வயல் முழுக்க இவர் பொறுப்பு. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்களைச் சேர்த்து இங்கே பத்து என்பார்கள். இவருடைய வயல் கீழப்பத்தின் நட்ட நடுவில். அண்ணாச்சி வழக்கம்போல் கேட்டு வந்தபோது, நாலு பேர் முன்னால், "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, நான் செல்லுல சொல்லிட்டேன்" என்றிருக்கிறார். அண்ணாச்சியும் சரி என்று அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு முறை போட்டுவிட்டார்.

ஆக, அன்றைக்கு நாங்கள் திரும்பிப் போனால் அக்காவுக்கு வேறு வண்டி கிடையாது. பயிர் ஏற்கெனவே பாதி சாய்ந்து கிடந்தது. மேற்கே மணிமுத்தாறு மலை காலையிலேயே கறுத்துவிட்டது. சாய்ந்த கதிர் ஒரு மழை நனைந்தால் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். அவருடைய கார் வெள்ளாமை மொத்தமும் அந்த வயல்தான்.

"அக்கா, முன்வயல்காரருகிட்ட சொல்லிட்டியல்லா?" என்று கூட்டாளி கேட்டான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"நான் எதுக்குச் சொல்லணும்? அண்ணாச்சி வண்டின்னா அவருல்லா எல்லாருகிட்டயும் பேசி வரிசையா அறுக்க வைப்பாரு. நீங்க பேசிருப்பியன்னு நெனச்சேன்."

நான் அவனைத் தனியே இழுத்தேன். "லே, முன்வயலு அறுக்காம பின்வயலுக்கு வண்டி போவாதுன்னு நீ ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

"ஏட்டி, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுல்லா! வீட்டுக்குள்ள வாசல் வழியாத்தான் போணும்னு உங்கிட்ட யாராவது தனியாச் சொன்னாவளா?"

"சோதனை ஓட்டும்போது பொட்டு தாவித் தாவிப் போச்சே. பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பொட்டு தாவும்லா. அது பொட்டு."

மாதக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். பொத்தான் பச்சையா ஆரஞ்சா என்று ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். இது மட்டும் வாயில் வரவே இல்லை. தெரியாததால் நான் கேட்கவில்லை. தெரிந்ததால் அவன் சொல்லவில்லை.

அதற்குள் முன்வயல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவர் நாற்று பிந்தி நட்டவர். பக்கத்து வயல்கள் எல்லாம் பொன்னாக நிற்க, இவருடையது மட்டும் இன்னும் பச்சை.

"ஒரு வண்டி போற அகலம் மட்டும் விட்டியன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"வண்டி போற அகலமா? மணி இன்னும் முத்தவே இல்ல, அதுல வண்டிய ஏத்தணுமா? செல்லுல வழி இருக்குன்னா செல்லுலயே அறுத்துக்கிடுங்க."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

"நான் நின்னாலும் வாடகை ஓடுமுங்க," என்றார் ஓட்டுநர். "மதியத்துக்கு வேற ஊர்ல ரெண்டு வயலு காட்டுது உங்க ஆப்பு. என்ன பண்றதுன்னு சொல்லிப்போடுங்க."

கூட்டாளி வரப்பில் ஏறி நாலு பக்கமும் பார்த்தான். "அந்தப் பக்கம் கால்வாய்க் கரை மேல வண்டி வரும். கரைக்கும் அக்கா வயலுக்கும் நடுவுல மூணு வயலு. மூணும் நல்லாப் பழுத்துட்டு."

"யாரு வயலு?"

அவன் வரப்பைவிட்டு இறங்கினான். "அண்ணாச்சியோடது."

எந்த அண்ணாச்சி என்று கேட்கத் தேவையில்லை. "நீ பேசு" என்றேன். "நான் மாட்டேன். அவரும் எங்கப்பாவும் தெனமும் ஒரே கடையில டீ குடிக்கவுக" என்று நம்பரை மட்டும் கொடுத்தான்.

அவர் இல்லாமல் அறுப்பு நடத்த முடியும் என்று காட்டத்தான் நாங்கள் கிளம்பியதே. முதல் நாளே அவரைக் கூப்பிடுகிறேன். மணி அடிக்க அடிக்க, இனிப்பாக என்னென்னவோ சொல்லி ஆரம்பிக்கலாம் என்று மனதில் அடுக்கினேன்.

"அண்ணாச்சி, வணக்கம். நான் வந்து..."

"தெரியும் தாயி. ரோட்டுல வண்டி நிக்குன்னு இதுக்குள்ள நாலு பேரு சொல்லிட்டாவ. என்ன வேணும்?"

அடுக்கியது எல்லாம் சரிந்தது. "அக்கா வயலுக்குப் போக வழி இல்ல அண்ணாச்சி. ஒங்க வயலு வழியாத்தான் போக முடியும்."

"அங்கனயே நில்லு" என்று வைத்துவிட்டார்.

பைக்கில் வந்து இறங்கியவர் என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அக்காவை ஒரு தரம் பார்த்தார். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வழி மட்டும் கீறிக்கிட்டுப் போறதுக்கு விடமாட்டேன்," என்றார். "நடுவுல கீறிட்டுப் போய்ட்டா மிச்சத்த எந்த வண்டிக்காரன் வந்து ஒழுங்கா அறுப்பான்? அறுத்தா மூணையும் முழுசா அறுங்க. பொறவு அவ வயலுக்குப் போங்க."

மூன்றையும் முழுசாக அறுத்தால் மதியத்துப் பதிவுகள் போச்சு. அதைவிட, அக்கா வயலைத் தொடுவதற்குள் மழை முந்திக்கொள்ளலாம்.

"நடுவுல மழ வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்தா, என் நெல்லு வீட்டுல இருக்கும்." அவர் சிரிக்கவில்லை.

அக்காவிடம் போனேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. "என்னக்கா செய்ய?"

"எங்கிட்டயா கேக்கிய? வேற வழி இருந்தாச் சொல்லுங்க, யோசிக்கேன்." சாய்ந்து கிடந்த ஒரு கொத்துக் கதிரை நிமிர்த்திப் பார்த்தார். அது திரும்பவும் சாய்ந்தது. "ஏறச் சொல்லுங்க."

வண்டி கால்வாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பழக்கதோஷத்தில் நான் கைபேசியை நீட்டி, "ஒங்க பேருல ஒரு பதிவு போட்டுரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏ தாயி, நான் நாளைக்கு ஊருக்குள்ள தலகாட்ட வேண்டாமா? பேரு கீரு ஒண்ணும் வேண்டாம். அறுக்கச் சொல்லு."

கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதுகு குலுங்கியதில் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

மதியத்துப் பதிவுகளை ரத்து செய்ய வேண்டும். செயலியில் ரத்து செய்கிற பொத்தானை விவசாயிக்கு மட்டும்தான் வைத்திருந்தோம். வாக்குக் கொடுத்துவிட்டு நாங்களே மாறுவோம் என்று கற்பனைகூடச் செய்யவில்லை. போன் போட்டேன். ஒருவர் "சரிம்மா, நாளைக்காவது வருமா?" என்று கேட்டு என்னைக் கொன்றார். இன்னொருவர் எடுக்கவே இல்லை.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வண்டி முதல் வயலில் ஏறி, மூலைக்கு மூலை நிதானமாகத் திரும்பியது. நெல் நிரம்பினால் கரைக்கு வந்து, அண்ணாச்சி வரவழைத்திருந்த டிராக்டர் டிரெய்லரில் கொட்டிவிட்டுப் போனது. எனக்கு ஒவ்வொரு திருப்பமும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிற மாதிரி இருந்தது. காற்று நின்றுவிட்டது. கொக்குகள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்கின. அக்கா தன் வயலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு தடவைகூட மலைப் பக்கம் பார்க்கவில்லை. நான் அவருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வயலில் பாதி போகும்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்தது கைபேசித் திரையில் விழுந்தது.

அண்ணாச்சி குடையைப் பைக்கிலேயே விட்டுவிட்டு வரப்பில் இறங்கினார். தன் வயலின் கடைசி ஓரத்தைக் காட்டி, ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். "அந்தத் துண்டு கெடக்கட்டும் வே! அத நாளைக்கு ஆள விட்டு அறுத்துக்கிடுதேன். நீரு அங்க ஏறும்!" சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்பதுபோல் என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டி அக்கா வயலில் ஏறியது. சாய்ந்த கதிருக்காக வெட்டுப் பல்லைத் தரையோடு இறக்கினார் ஓட்டுநர். தூறல் வலுத்தது. ஈர வைக்கோல் உள்ளே சுற்றி வண்டி ஒரு தடவை முக்கி நின்றது. கூட்டாளி ஏறி, ஓட்டுநரோடு சேர்ந்து கையால் பிய்த்து எடுத்தான். மறுபடி ஓடியது. பள்ளமான மூலை ஒன்றுதான் பாக்கி. அதில் சக்கரம் இறங்கினால் ஏறாது என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டார். அக்கா அரிவாளோடு அந்த மூலையில் இறங்கினார். கூட்டாளியும் போனான்.

நான் அக்கா நெல் ஏறிய டிரெய்லரின் மேல் நின்று, தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இழுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. காலையில் எடுக்காதவர்.

"ஏம்மா, வண்டி எங்க? இங்கன மழ இல்ல. நான் ரோட்டுலயே நிக்கேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஐயா, ஒங்க வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல யாரு வயலு இருக்கு? அறுத்தாச்சா?"

"அதெல்லாம் அறுத்தாச்சு. எதுக்குக் கேக்கிய?"

ஓட்டுநரைப் பார்த்து, "இன்னும் ஒண்ணு போலாமா?" என்று கத்தினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வழி இருந்தாப் போலாமுங்க" என்றார்.

டிரெய்லர் கிளம்பும்போது அக்கா அரிந்து கட்டியிருந்த கடைசிக் கதிர்க்கட்டையும் மேலே எறிந்தார். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"ஈரம் ஏறிட்டு," என்றார். "நாளைக்கு வெயில் அடிச்சா ரோட்டுல காயப்போட்டு, நாள் முழுக்கக் கிண்டி விடணும். போட்டா தப்பிச்சுரும். ஒங்க ஆப்புல அதுக்கு ஆள் வருமா?"

"வராதுக்கா."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் வாங்க."

மறுநாள் வெயில் அடித்தது. போனோம்.