எலுமிச்சைக்கு மருந்தடிக்காத பங்குனி

மாசி முடிவதற்குள் மலையில் ஏலக்காய்ப் பறிப்பு ஓய்ந்துவிடும். கோடை மழை விழும்வரை எஸ்டேட்டில் ஆளும் குறைவு, வேலையும் குறைவு. அந்த இடைவெளியில்தான் என் வீட்டுக்காரர் போடியில் சேர்ந்தாற்போல் சில வாரம் தங்குவார். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் சூப்பர்வைசர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே தோட்டம். மற்றபடி சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்கி, திங்கட்கிழமை விடிந்ததும் ஏறிவிடுகிற மனிதர்.

இந்த வருஷம் இறங்கியவர் இருமலையும் கூடவே கொண்டுவந்தார். தேனியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இனிமேல் பூச்சிமருந்துப் பக்கமே போகக்கூடாது, அதன் நெடிகூட ஆகாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். ஏலத்தோட்டத்தில் மருந்து நெடி படாமல் வேலை பார்ப்பது, கிணற்றில் இறங்கி நனையாமல் ஏறுவது மாதிரிதான். திரும்பி வரும்போது பஸ்சில் இவர் சொன்னார்: "யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. வெறும் சளிதான்."

மழை பெய்ததும் மேலே ஏறிவிடுவார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ஏறினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

எங்கள் கொல்லை பெரியதில்லை. எலுமிச்சை ஒன்று, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை, செம்பருத்தி, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் இடத்தில் வாழை. பங்குனி பிறந்தால் அங்கே நடமாட்டம் கூடிவிடும். தேன்சிட்டு செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும். அணில் முருங்கைப் பூவைத் தின்பதைவிட உதிர்ப்பதுதான் அதிகம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கி, சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டே ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். ரேஷன் கடை வரிசை தோற்றுப்போகும். காலையில் காபி டம்ளரோடு அங்கே கொஞ்ச நேரம் நிற்பது என் வழக்கம். அப்போது யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கோடைக்கு முன்னால் ஏலச்செடித் தூரில் காய்ந்த தாளையெல்லாம் உரித்துச் சுத்தம் செய்வது மலை வழக்கம். வந்த வாரமே இவர் அதே மாதிரி என் வாழையை உரித்துவிட்டார். தரையில் கிடந்த சருகை ஒன்று விடாமல் அள்ளிக் குப்பைத்தொட்டியில் தட்டினார். மறுநாள் தவிட்டுக்குருவிகள் வந்தன, மொட்டைத் தரையைப் பார்த்தன, சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

"எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாத்தியா?" என்றார்.

"எஸ்டேட் மாதிரியே இருக்கு" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்தது எலுமிச்சை. கொழுந்தெல்லாம் பச்சைப் புழு. மலைக்காரர்களுக்கு இலையில் ஓட்டையைக் கண்டால் கை தானாக மருந்துப் பம்பைத் தேடும். அங்கே புழு வருகிறதோ இல்லையோ, முறை வைத்து அடித்துவிடுவார்கள். ஒரு நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய பம்பை இவர் கழுவிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மருந்து பாட்டில். மூக்கைச் சுற்றி என் சமையலறைத் துண்டு.

நான் எலுமிச்சையில் ஒரு கிளையை விலக்கிக் காட்டினேன். உள்ளே கொண்டைக்குருவிக் கூடு, சின்னக் கிண்ணம் அளவுக்கு. அதில் மூன்று குஞ்சுகள். உடம்பைவிட வாய்தான் பெரிது.

"இதுக தாங்குமா?"

"லேசாத்தான் கலக்கப்போறேன். குருவிக்கு ஒண்ணும் ஆகாது."

"குருவிய விடுங்க. ஒங்களுக்கு?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மரம் பட்டுப்போனாலும் போகட்டும். மருந்து அடிச்சீகன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன். அண்ணன் வீடு சிலமலையில், இங்கே பக்கம்தான். ஆனாலும் மிரட்டலுக்கு அது போதுமானதாக இருந்தது. பம்பைக் கவிழ்த்து வைத்தார்.

புழுவைக் கையாலேயே எடுத்துவிடுகிறேன் என்று ஒரு டப்பாவும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக மரத்தடியில் உட்கார்ந்தார். இவர் இருக்கும்வரை தாய்க்குருவி கூட்டுப்பக்கம் வரவில்லை. முருங்கையில் உட்கார்ந்து கொண்டையைச் சிலிர்த்துக் கத்தியது. கடைசியில் இவர்தான் நாற்காலியைத் துணி துவைக்கிற கல் வரைக்கும் பின்னுக்கு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அது இறங்கி, ஒரு கொழுந்தில் இருந்த புழுவைக் கொத்திக்கொண்டு கூட்டுக்குள் போனது.

"இந்தாரு, நான் பாத்து வச்ச புழுவ அது தூக்கிருச்சு" என்று என்னிடம் புகார் சொன்னார்.

அன்றிலிருந்து நாற்காலி அங்கேயே கிடந்தது. குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகிற ஜோடியில் ஒன்று சோம்பேறி என்று கண்டுபிடித்தார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. "வேல பாக்குறது யாரு, ஏய்க்கிறது யாருன்னு சூப்பர்வைசருக்குத் தெரியாதா?" என்றார். பூனை சுவரேறினால் தண்ணீர் தெளித்து விரட்டினார். சருகு கூட்டுவதை யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார், தவிட்டுக்குருவிகள் திரும்பி வந்தன. எலுமிச்சையில் பாதி இலை போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. கல்யாணமானதிலிருந்து இத்தனை நாள் சேர்ந்தாற்போல் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்ததில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

பங்குனிக் கடைசியில் கோடை மழை நன்றாகவே பெய்தது. குரங்கணிச் சரிவில் காப்பி பூக்க இது போதும் என்றார். அடுத்த நாள் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறி, தத்தித் தத்தி முருங்கைக்குப் போய்விட்டன. அன்று சாயங்காலமே முதலாளியிடமிருந்து போன் வந்தது. உரம் வைக்கணும், மருந்து அடிக்கணும், காலையில் ஜீப்பு வரும், ஏறிருங்க. இவர் "சரிங்கய்யா" என்றார். பரணிலிருந்து பையை இறக்கி வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. போகாதீர்கள் என்றால் வீம்புக்காகவே போகிற ஆள்.

காலையில் தோசைக்கல் சூடேறும்போது வாசலில் ஹாரன் கேட்டது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான்: "அண்ணே, வெரசா வாங்க. இன்னும் ஆள் ஏத்தணும்."

இவர் வாசலுக்குப் போனார். கையில் பை இல்லை.

"நீ கெளம்பு மாப்ளே. நான் வரல."

"ஏண்ணே, குருவியப் பாத்துக்கணுமாக்கும்?" என்றான். குருவிக் கதை தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஜீப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இவரிடம் வேலை பார்த்தவர்கள். பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்கள்.

"குருவியெல்லாம் பறந்துருச்சுப்பா. எனக்குத்தான் நெஞ்சு சரியில்ல. மருந்து நெடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மொதலாளிட்ட அப்படியே சொல்லிரு."

நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். ஜீப்பு தெருமுனை திரும்புகிறவரை அழுதேன்.