ஆடியில் குடிவந்தேன்

"நாலு எழுத்து படிச்சிட்டா நாவலூர்ல தனியா வூடு புடிச்சிடுவியா?" என்று மாமா கேலி செய்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். செங்கல்பட்டிலிருந்து தினமும் நாவலூர் அலுவலகத்துக்குப் போய்வருவது சிரமமாக இருந்ததால், அங்கேயே வீடு தேடினேன்.

அங்கே ஒரு வணிக வளாகத்துக்குப் பின்தெருவில் ஒரு வீடு பிடித்துப்போனது. காட்டியவர், தானே உரிமையாளர் என்றார்.

"நாளான்னிக்கு ஆடி பொறக்குதும்மா. அப்புறம் பால் காய்ச்ச முடியாது. இப்பவே அட்வான்ஸ் போட்டுடு."

அந்த அவசரம் என்னையும் தொற்றியது. என் சேமிப்பு மொத்தத்தையும் அனுப்பக் கைப்பேசியை எடுத்துவிட்டேன். கடைசி நொடியில்தான் மின்கட்டண ரசீதைக் கேட்டேன். அதில் வேறு பெயர் இருந்தது.

"இது யாரு சார்?"

"அது... ஓனரு."

"அப்ப நீங்க?"

அவர் காலி செய்யப்போகும் வாடகைக்காரர்! பணத்தை அனுப்பாமல் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆடி பிறந்தது. யாரும் வீடு பார்க்க வராத மாதம் என்பதால், அடுத்த தெருவில் நான் கேட்ட வாடகைக்கே ஒரு வீடு கிடைத்தது. உரிமையாளர் அம்மாள் ரசீதுகளை அவரே எடுத்துக் காட்டினார்.

"ஆடியில குடிவர்றியே, பரவால்லியா?"

"அடுப்புக்கு மாசம் தெரியாது ஆன்ட்டி" என்றேன்.

இப்போதெல்லாம் எவர் அவசரப்படுத்தினாலும், ரசீதில் பெயரைப் படித்த பிறகே பணத்தைத் தொடுகிறேன். பால் காய்ச்சிய மறுநாளே, என் பெயரில் கேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன்.