அத்தானின் காலித் தோட்டாக்கள்

என் அக்காவைக் கட்டிய அத்தான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். சீசன் வந்தால் லைசென்ஸோடு மான் வேட்டைக்குப் போவார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல் எடுத்து வந்து, அடியில் தீப்பொறி தரும் புது கேப் அடித்து, மருந்து நிரப்பி, குண்டு பொருத்தி, மறுபடியும் தோட்டாவாக்குவார். வீடியோ காலில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை ஊறும். நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

போன வருஷம் இருவரும் காரியாபட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இங்கிருந்து அத்தான் மட்டும் தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. துப்பாக்கி, மருந்து, கேப், குண்டு எல்லாம் அங்கே நண்பரிடம் இருந்தன. இவர் பெட்டியில் கழுவித் துடைத்த இருபது காலிக் கூடுகள் மட்டும். அதற்கும் விமானக் கம்பெனியின் அனுமதிக் கடிதம், வந்து இறங்கியபோது அதிகாரிகளிடம் காட்டி வாங்கிய முத்திரை, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். அத்தான் அப்படிப்பட்ட ஆள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குத் தெரியாமல் ஒரு கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சும்மா காட்டத்தான். மருந்து செலுத்தும் ரூமில் நாலு பெண்கள் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கொளாய்க்கு எம்புட்டு மருந்துண்ணே பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அடைத்துவிட்டார். இருபது வருஷமாகக் காலிக் குழாயைக் கண்டால் நிரப்பிப் பழகிய கை அது. யோசித்துச் செய்யவில்லை. நான்தான் யோசித்திருக்க வேண்டும். ரூமுக்குள் வெளிச் சாமான் கொண்டுபோகக் கூடாது என்று தினமும் காலையில் கத்துகிறவன் நான். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். மருந்தைப் பேப்பரில் தட்டிக் கொட்டிவிட்டு, பழந்துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்தேன். கூடு பளபளவென்றுதான் இருந்தது. சாயங்காலம் மற்ற பத்தொன்பதோடு சேர்த்து வைத்துவிட்டேன்.

மதுரை ஏர்போர்ட்டில் அத்தானை இறக்கிவிட்டு, அவர் உள்ளே எல்லாம் முடித்துப் போன் செய்யட்டும் என்று வாசலில் நின்றேன். போன் வந்தது. குரல் சரியில்லை.

"மாப்ளே, கூட்டுல மருந்து இருக்குன்னு மிஷின் காட்டுதாம். துணிய வச்சு ஒவ்வொண்ணாத் துடைச்சுப் பாத்தாங்க. ஒண்ணுல மட்டும் வருது. போலீசக் கூப்பிட்டிருக்காங்க."

கேஸ் என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட் போகும், அங்கே வேலை போகும், அக்காவின் குடும்பமே இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நிற்கும். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

"வீட்டுல யாராச்சும் இதத் தொட்டீகளான்னு கேக்காங்க. நெனச்சுப் பாத்துச் சொல்லு மாப்ளே."

"இல்ல அத்தான். யாரும் தொடல."

சொல்லியிருந்தால் கம்பெனிக்கு ஆள் வந்திருக்கும். ரூமைப் பூட்டியிருப்பார்கள், அந்த நாலு பெண்களுக்கும் வேலை போயிருக்கும், என் போர்மேன் சான்றிதழைப் பிடுங்கியிருப்பார்கள். இதெல்லாம் பிறகு நான் அடுக்கி வைத்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான், அதுவும் என்னைப் பற்றிய பயம்.

எங்கள் வீட்டில் இருந்த அக்காவிடமிருந்து போன் மேல் போன். "ஏலே, உள்ள என்னதாம்லே நடக்கு? அவுக போன எடுக்க மாட்டேங்காக." அவளிடமும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய் வேண்டியிருக்கிறது.

அத்தான் வெளியே வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. விமானம் போயிருந்தது. அந்த நகல்கள்தான் அவரைக் காப்பாற்றின. கூடுகளைப் பறிமுதல் செய்துகொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பழைய மருந்து தங்கியிருப்பதைத் தான் கவனிக்கவில்லை, தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சந்தேகத்தால் அல்ல, வெட்கத்தால். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. கவலையில் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆஸ்திரேலியா திரும்பியதும் அவர் தன் துப்பாக்கியை விற்றுவிட்டதாக அக்கா சொன்னாள். இப்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு ஐந்தாறு தடவை இழுத்துப் பார்க்கிறாராம். "என் கையையே நம்ப முடியல" என்கிறாராம்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"மாப்ளே, அந்தக் கூட்ட மூணு தடவ கழுவுனேன். எங்க விட்டேன்னு இன்னமும் தெரியல. நீ மருந்துலயே கெடக்குறவன். எப்படிக் கழுவியிருக்கணும், சொல்லு."

சொன்னேன். வெந்நீர், சோப்பு, புளித்தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும், எந்த வெயிலில் காய வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.