மூன்றாவது போர்டின் சந்தனப் பொட்டு

கழக்கூட்டத்து அலுவலகத்தில் இப்போது பழைய இயந்திரக் கூடத்தைச் சாப்பாட்டு அறையாக்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்து தோசை தின்னும் இடத்தில்தான் எங்கள் பெரிய சர்வர் கம்ப்யூட்டர் நின்றது. பீரோ உயரம் இருக்கும். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அந்தக் குளிருக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

பார்க்க ஒரே இயந்திரம்; உள்ளே பாகம் பிரிந்த குடும்பம், ஒரே வீட்டில் நாலு அடுப்பு. பார்ட்டிஷன் என்போம் ஒவ்வொரு பாகத்தையும். ஒரு பார்ட்டிஷனில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், இன்னொன்றில் எங்கள் சோதனை வேலை. உள்ளே வரிசையாகச் செருகியிருக்கும் போர்டுகளில் எது எந்த பார்ட்டிஷனுக்கு என்று அறிய, கன்சோலில் கட்டளை கொடுத்தால் அந்த போர்டில் நீல விளக்கு மினுக்கும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? சரஸ்வதி பூஜைக்கு போர்டுகளின் முகப்பில் வைத்த சந்தனப் பொட்டுதான் எங்களுக்கு அடையாளம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பொட்டு, சோதனைக்கு இரண்டு.

எங்களுக்கு என்றால் எனக்கும் அவளுக்கும். போனக்காடு எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். வேலையில் நான் நிரந்தரமாகிவிட்டேன், அவளுக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வேலை கூடியதால், சோதனையிலிருந்த மூன்றாவது போர்டை, இருந்த இடத்திலேயே விட்டு, கன்சோல் கட்டளையால் அந்தப் பக்கம் மாற்றினேன். பொட்டை மட்டும் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கை வரவில்லை. அவளிடம் சொல்லவும் மறந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பழுது பார்ப்பதற்காகச் சோதனை பார்ட்டிஷனை நிறுத்திவிட்டு, இரட்டைப் பொட்டை நம்பி அவள் மூன்றாவது போர்டை உருவினாள். ஆஸ்பத்திரி பார்ட்டிஷன் படுத்துவிட்டது.

விளக்கை ஏன் எரியவிட்டுப் பார்க்கவில்லை என்று மேலாளர் அவளைக் கேட்டார். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். போர்டை மாற்றியது யார் என்று இயந்திரம் தானே குறித்துவைக்கும் லாகில் இருக்கும். அதை யாரும் திறக்கவில்லை என்று எனக்கு நிம்மதி வேறு. அவள் தன் தவறுதான் என்று எழுதிக் கொடுத்தாள். மாதம் முடிந்ததும் வேலை போயிற்று.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் உண்மையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும், கேட்டியா. லாகுல உன் பேருதான கிடந்துச்சு.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீயா சொல்லுவியான்னு பாத்தேன்.”