ஐந்து லோகோவும் ஒரு ‘வேண்டாம்’ மெயிலும்

வன்னியில், மல்லாவி என்ற ஊரில் எங்கள் முதல் அலுவலகத்துக்குக் கீழே உரக்கடை. யன்னலைத் திறந்தால் யூரியா நெடி, மூடினால் வேர்வை... இன்றைக்கும் உரமூட்டையைக் கண்டால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். அவ்வளவு பயத்தோடு இருந்த நாட்கள்.

நானும் சிநேகிதி சிந்துஜாவும் மட்டும்தான். வெளிநாட்டுச் சின்னக் கடைகள் இணையத்தில் போடும் பொருட்களின் படங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் தொழில். தொழில் என்று சொல்கிறேனே தவிர, வேலை தர ஒருவரும் இல்லை. முன்பின் தெரியாத கடைக்காரர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம்.

தைப்பொங்கலுக்குள் ஒன்றும் சரிவராவிட்டால் சிந்துஜா கொழும்புக்கு வேலைக்குப் போக வேண்டும். அவள் வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். அவள் போனால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்த மெயிலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வன்னியில் கிணறு கட்டினாலும் கக்கூஸ் கட்டினாலும் உதவியவர்களின் பெயரோடு ஒரு போர்ட் நடுவோம் அல்லவா? அதே பழக்கத்தில், பயிற்சி தந்தவர்கள், கணினி தந்தவர்கள், கதிரை தந்தவர்கள் என்று ஐந்து லோகோக்களை மெயிலின் அடியில் வரிசையாகப் போட்டிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க். போதாததற்கு எங்கள் பேஸ்புக் பக்கமும்...

டிராக்கிங் வேறு. மெயிலை யாராவது திறந்தால் எங்கள் திரையில் காட்டும். அதுதான் என்னைக் கொன்றது. அனுப்பிய கையோடு ‘திறக்கப்பட்டது’ என்று வரும். பதில் மட்டும் வராது. பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறார்களே, எங்கள் ஆங்கிலம் அவ்வளவு மோசமா என்று மறுகுவேன். சோறு இறங்காது.

கடைசியில் சிந்துஜா, டொரொண்டோவில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அதே மெயிலை அனுப்பினாள். உடனே ‘திறக்கப்பட்டது’. அவருக்குப் போன் எடுத்தோம்.

“நான் இன்னும் பாக்கேல்ல, தங்கச்சி. பொறு... ஆ, ஸ்பாமுக்குள்ள, குப்பை மெயிலுகளோட கிடக்கு! இதென்ன, கிணத்தடிப் போர்ட் மாதிரி? இவ்வளவு லிங்க் இருந்தா உள்ள விடுமே?”

அப்போதுதான் விளங்கியது. மெயிலை உள்ளே விடலாமா என்று சோதிக்கிற மெஷின்தான் அதைத் திறந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரு மெஷின் பதில் போடவில்லை என்றா நான் அழுதேன்?

லோகோக்களை எடுக்கும்போது சிந்துஜாவின் முகம் சரியில்லை.

“நன்றி கெட்டதுகள் எண்டு நினைக்கப் போகினமடி.”

“போர்டை அறை வாசல்ல வைப்பம். மெயிலில வேண்டாம்,” என்றேன்.

டிராக்கிங்கை எடுக்க மறுத்தது நான்தான்.

“பிறகு திறந்தவையோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“தெரியாதுதான். அதாலயும்தான் ஸ்பாமுக்குப் போகுதாம். சாப்பாட்டைப் போட்டிட்டு வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே?”

எடுத்தோம். லிங்க் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கடையைப் பற்றி நாலு வரி, எங்கள் பெயர், ஊர். ஒரு நாளைக்குச் சில கடைகளுக்கு மட்டும் அனுப்பினோம். இப்போது திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அது இன்னும் பெரிய நரகம். பொங்கல் பானைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. சிந்துஜா ஒரு உடுப்புப் பை வாங்கினாள். நான் காணாத மாதிரி இருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் பதில் வந்தது. நோர்வேயில் பீங்கான் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. இப்போதைக்கு ஆள் வேண்டாமாம். ஆனால் தன்னுடைய நீலக் கோப்பையை நாங்கள் கவனித்து எழுதியது சந்தோஷமாம்.

சிந்துஜா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். “எடியே, ஆள் வாசிச்சிருக்கு! உண்மையான ஆள்! இனி எங்கட மெயில் போய்ச் சேரும்!”

அப்படியே வீட்டுக்குப் போன் எடுத்தாள். “அம்மா, நான் கொழும்புக்குப் போகேல்ல.”

“ஏன், வேலை கிடைச்சிட்டுதோ?”

“இல்லையம்மா. வேண்டாமெண்டு எழுதியிருக்கினம்.”

இன்று கிளிநொச்சியில் ஏசி அறை, எங்களோடு இன்னும் சில பிள்ளைகள். சரி என்று எத்தனையோ மெயில்கள் வருகின்றன. தேநீரைக் குடித்துக்கொண்டே “பிறகு பாக்கிறன்” என்கிறேன். ஆனால் அந்த ‘வேண்டாம்’ வந்தபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுத மாதிரி, பிறகு எந்த மெயிலுக்கும் அழவில்லை...