ஞானம் அக்கா வீட்டுக் கரப்பொத்தான்கள்

சர்ர்… காய்ந்த வெங்காயத் தோலை யாரோ விரலால் தள்ளுவது போல ஒரு சத்தம். கரப்பொத்தான் ஒழிக்கிற எங்கள் தொழிலில் முதலில் காது, பிறகுதான் கண். இது நான் பள்ளிக்கூடத்தில் படித்த வேலையில்லை. மருந்துப் பெட்டியில் இருந்த எழுத்தையும் நித்திரை வராத என் இரவுகளையும் வைத்துக் கற்றது. உங்கள் குசினியிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். ஒளிக்க வேண்டாம்.

பிறிட்ஜுக்குப் பின்னால்

ஞானம் அக்கா சுருவில் ஊரில் தனியாக இருக்கிறவ. மகள் லண்டனில். போனமுறை மகள் வந்து நின்றபோது பிள்ளையின் பால் போத்தலில் கரப்பொத்தான் ஏறிவிட்டது. பிள்ளைக்கு மூச்சிழுப்பு வேறு. விடிந்ததும் எல்லாரும் யாழ்ப்பாணத்து ஹொட்டேலுக்குப் போய்விட்டார்கள். இன்னும் மூன்று கிழமையில் திரும்ப வருகிறார்கள். "ஒரு கிழமையாவது என்ரை வீட்டிலை படுக்கவேணும் தம்பி" என்றா அக்கா.

ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கடதாசி கட்டிக்கொண்டு போனேன். சிவப்பு வெளிச்சத்துக்கு அதுகள் ஓடாது. பிறிட்ஜ் மோட்டரின் சூட்டில் குடும்பமாய் இருந்தன. பசை மருந்தைப் பயறளவில் பொட்டுப் பொட்டாய் வைத்தேன். தின்றது பொந்துக்குள் போய்ச் சாகும், அதைத் தின்கிற மற்றதும் சாகும். ஸ்பிரே அடித்தால் அடுத்த அறைக்கு ஓடும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அக்கா என்னையும் பொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தா.

"அடிச்சுக் கலைக்கத்தான் உம்மைக் கூப்பிட்டனான். நீர் அதுகளுக்குச் சாப்பாடெல்லோ வைக்கிறீர்!"

வெள்ளிக்கிழமை

அடுத்த கிழமை போனால் ஒரு பொட்டுக்கூட இல்லை. தின்று முடித்துவிட்டன என்று ஒரு நிமிடம் சந்தோசப்பட்டேன். குசினி மஞ்சள் தண்ணி மணத்தது. சுவர், தட்டு, பிறிட்ஜின் முதுகு எல்லாம் தேய்த்துக் கழுவிக் கிடந்தன. நான் தலையில் கை வைத்தேன். எத்தனை வீட்டில் இதே கதை! இந்தமுறை கதவுப் பிணைச்சலுக்குள்ளும் தட்டுக்கு அடியிலும், துணி போகாத இடமாய்ப் பார்த்து வைத்தேன். அக்காவுக்கு மனவருத்தம்தான், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை குசினி கழுவாமல் நான் உலை வைக்கிறேல்லை. கரப்பொத்தானுக்காக விரதத்தை விட ஏலுமே?"

கட்டிலுக்குக் கீழே

மூன்றாம் முறை குசினி அமைதி. சத்தம் இப்போது படுக்கிற அறையில். மகள் வர நாலு நாள்தான். கட்டிலுக்குக் கீழே ஏழு காட்போட் பெட்டிகள், மகள் அனுப்பிய பார்சல்கள் வந்தவை. உள்ளே ஒன்றுமில்லை. மட்டையின் மடிப்பு மடிப்பாய், உழுந்து போல முட்டைக்கூடுகள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு பட்டாளம் இருக்கும். "கொளுத்தவேணும் அக்கா" என்றேன். அவ கட்டிலில் இருந்துவிட்டா.

"அவள் போனிலை இங்கிலீசிலைதான் எழுதுறாள் தம்பி. என்ரை பேரைத் தமிழிலை எழுதுறது இந்தப் பெட்டியிலை மட்டும்தான்."

எனக்கு அலுப்பாக இருந்தது. இன்னும் இரண்டு வீடு பார்க்கவேண்டும். ஆனாலும் ஒரு சட்டியில் தண்ணி கேட்டேன். மேல் கடதாசியை நனைத்து, பேர் எழுதின துண்டை மட்டும் மெதுவாய் உரித்தேன். ஏழையும் உரிக்க ஒரு மணித்தியாலம். கொடியில் காயப்போட்டுவிட்டு, பெட்டிகளை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா அறைக் கதவைச் சாத்தினா.

"கொளுத்தும். ஆனா மணம் இஞ்சாலை வராமல் கொளுத்தும்."

இரண்டு பெட்டி

பிறகு நான் போன் எடுக்கவில்லை. வேலை பிழைத்திருந்தால் அவவே எடுத்து ஏசியிருப்பா என்று இருந்தேன். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டா. ஓடிப்போனேன். வாசலில் இரண்டு புதுப் பெட்டிகள். ஏழு இரவும் இங்கேதான் படுத்தார்களாம். பிள்ளை ஒருக்காலும் இழுக்கவில்லையாம். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தன் எழுத்தை மகள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அக்கா பெட்டிகளைக் காலால் என் பக்கம் தள்ளினா. இரண்டின் முகமும் ஏற்கெனவே உரிந்திருந்தது.

"போகேக்கை என்ரை பேரைத் தமிழிலை எழுதி விட்டிட்டுப் போனவள். பேரை நான் எடுத்திட்டன், மிச்சம் உம்மடை."

எங்கள் தொழிலில் பாதி வேலை மருந்து வைக்கிறது, மற்றப் பாதி ஆட்கள் விட ஏலாததை விடுமட்டும் கதிரையில் இருந்து கொட்டாவி விடுகிறது. ரோச்சில் கட்டியிருந்த சிவப்புக் கடதாசி கிழிந்துபோயிருந்தது. புதிதாய் ஒன்று வெட்டி ரப்பர் பாண்டைப் போட்டேன்.